ஒரே நாள், ஒரே அதிகாரம்

ஜனவரியில் ஆதியாகமத்தை ஆர்வமாகத் தொடங்குவது, யாத்திராகமம் முடிந்து லேவியராகமத்துக்கு வந்ததும் நின்றுவிடுவது. வேதாகமம் வாசிப்பவர்களுக்கு இது பழகிய கதை. பலிகளையும் தீட்டுச் சட்டங்களையும் தனியாக உட்கார்ந்து படித்தால் கண் செருகும். அடுத்த ஜனவரியில் மறுபடியும் ஆதியாகமம்!

சிங்கப்பூரில் நான் செல்லும் தமிழ்ச் சபையில் இப்போது சேர்ந்து வாசிக்கிறோம். பாட்டிமார் முதல் பல்கலைக்கழக மாணவர்கள் வரை எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே பகுதி.

கணக்கு எளிதுதான். புரொட்டஸ்டண்ட் சபைகளின் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். திங்கள் முதல் சனி வரை நாளுக்கு மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்றால் வாரத்துக்கு 23 அதிகாரங்கள். 52 வாரங்களுக்குள் முழுவதையும் முடித்துவிடலாம்.

புதிய யோசனை அல்ல

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ராபர்ட் மர்ரே மெக்செய்ன் என்ற இளம் போதகர், 1842ஆம் ஆண்டின் இறுதியில் தம் சபைக்காக ஒரு வாசிப்பு அட்டவணை தயாரித்தார். நாளுக்கு நான்கு அதிகாரங்கள்: இரண்டு குடும்பமாக, இரண்டு தனியாக. மந்தை எந்தப் புல்வெளியில் மேய்கிறது என்று மேய்ப்பனுக்குத் தெரியும், பிள்ளைகளிடம் என்ன கேட்பது என்று பெற்றோருக்குத் தெரியும் என்பது அவர் சொன்ன பலன்களில் சில. 1843 மார்ச்சில், 29 வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அந்த ஆண்டின் அட்டவணையைச் சபையோடு சேர்ந்து முடிக்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆனால், அதை இன்றும் உலகெங்கும் பின்பற்றுகிறார்கள்.

அதற்கும் வெகுகாலம் முன்பே, எருசலேமின் தண்ணீர் வாசலுக்கு முன்னால் எஸ்றா காலையிலிருந்து நண்பகல் வரை நியாயப்பிரமாணத்தை வாசித்ததாக நெகேமியா புத்தகம் சொல்கிறது. ஆண்கள், பெண்கள், புரிந்துகொள்ளும் வயதுடையவர்கள் எல்லாரும் கூடிக் கேட்டார்கள். லேவியர்கள் பொருள் சொன்னார்கள். கேட்டு அழுத மக்களிடம், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றும் இல்லாதவர்களுக்கும் கொடுத்தனுப்புங்கள் என்றார்கள். வாசிப்பு அங்கே சாப்பாட்டில் போய் முடிந்தது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

ஏழு நாள் மௌனம்

சேர்ந்து வாசிப்பதால் என்ன மாறும்? எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

யோபுவின் புத்தகத்தை வாசித்த வாரத்தில் எங்களில் ஒருவர் ஆட்குறைப்பில் வேலை இழந்தார். இரண்டு பிள்ளைகள், வீட்டுக் கடன் வேறு. வழக்கமாக இப்படிப்பட்ட செய்தி வந்தால் வாட்ஸ்அப் குழுவில் ஆறுதல் வார்த்தைகள் குவியும். ‘எல்லாம் நன்மைக்கே’ என்பார் ஒருவர். ‘எங்கேயாவது தவறு நடந்திருக்குமோ’ என்று ஆராய்வார் இன்னொருவர்.

அந்த வாரம் யாரும் அப்படி எழுதவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்ததை நாங்கள் அப்போதுதான் படித்திருந்தோம். அவர்கள் பேசத் தொடங்கிய பிறகுதான் யோபுவின் காயம் பெரிதானது. அன்று மாலை எங்களில் இருவர் சாப்பாடு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்கள். அறிவுரை எதுவும் சொல்லாமல், கூடவே இருந்துவிட்டு வந்தார்கள்.

அந்த அதிகாரத்தை ஒருவர் மட்டும் படித்திருந்தால் அவர் மட்டும் பேசாமல் இருந்திருப்பார். எல்லாரும் படித்திருந்ததால் ஒரு குழுவே அன்று அடக்கமாக நடந்துகொண்டது.

பாட்டியிடம் கேட்கும் தமிழ்

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் முழுமை பெற்றது. இந்திய மொழிகளில் முதன்முதலில் அச்சேறிய புதிய ஏற்பாடு அதுதான். இன்று இங்கே எங்கள் பிள்ளைகளில் பலர் ஆங்கிலத்தில்தான் சரளமாகப் படிக்கிறார்கள்.

எங்கள் குழுவில் கண்பார்வை மங்கிய பாட்டி ஒருவர் இருக்கிறார். இரவு எட்டு மணிக்குப் பேரன் அவருக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டுகிறான். ‘புசித்தான்’, ‘உபத்திரவம்’, ‘ஆசாரியன்’ போன்ற சொற்களில் அவன் தடுக்கினால் பாட்டி எடுத்துக் கொடுக்கிறார். அவன் பொருள் கேட்கிறான், அவர் தம் கதைகளையும் சேர்த்துச் சொல்கிறார். தமிழ்நாட்டிலிருந்து கட்டுமான வேலைக்கு வந்துள்ள தம்பிகள் விடுதியிலிருந்து குரல் பதிவாக அனுப்புகிறார்கள். அவர்களின் உச்சரிப்பைக் கேட்டுத்தான் எங்கள் இளையர்கள் பலர் கற்றுக்கொள்கிறார்கள்.

நீங்களும் தொடங்கலாம்

நான்கைந்து பேர் போதும். வாய்விட்டு வாசியுங்கள்; கடினமான பெயர்கள் வந்தாலும் தாண்டிப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் படிப்பவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முடிவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாலே பேச்சு வளரும்: ‘இன்று உங்களை நிறுத்தியது எது?’

விட்டுப்போனவர்கள் பழைய பாக்கியை அடைக்க முயல வேண்டாம். இன்றைய பகுதியில் வந்து சேர்ந்துகொள்ளட்டும். வாசிப்பு வெறும் சடங்காகிவிடலாம், படித்துவிட்டோம் என்ற பெருமை வரலாம், சிலருக்குத் தாங்க முடியாத சுமையாகலாம் என்று மெக்செய்னே தம் சபையை எச்சரித்திருக்கிறார்.

எத்தனை அதிகாரங்கள் முடிந்தன என்பதைவிட, யார் சில நாள்களாகக் குழுவுக்கு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு இன்றே ஒரு அழைப்புப் போடுங்கள்.