நாலாவது அச்சு: சுழலும் மையத்தைப் பிடிப்பது எப்படி?

வெள்ளரிக்காய்த் தோல் சீவும்போது கவனித்திருக்கிறீர்களா? கத்தி பிடித்த கை ஒரே மாதிரிதான் போய் வருகிறது. காயைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பது இன்னொரு கை. சி.என்.சி மில்லிங் மெஷினில் அந்த இன்னொரு கையின் பெயர்தான் ரோட்டரி. பட்டறைகளில் ‘ஃபோர்த் ஆக்ஸிஸ்’ என்பார்கள்.

சாதாரண மில்லிங் மெஷின் இடம்-வலம், முன்-பின், மேல்-கீழ் என்று மூன்று பக்கம் நகரும். அதில் ஓர் உருளையைச் சுற்றி நான்கு துளை போட வேண்டுமென்றால், ஒவ்வொரு முறையும் ஜாபைக் கழற்றி, திருப்பி, இறுக்க வேண்டும். ஒவ்வொரு இறுக்கலிலும் ஒரு சின்னப் பிசகு சேரும். ரோட்டரி இருந்தால் ஒருமுறை மாட்டினால் போதும்.

ஃபார்முலா ஒன் ரசிகர்களுக்குத் தெரிந்த பெயர் ஹாஸ். 1983-ல் ஜீன் ஹாஸ் தொடங்கிய அந்த அமெரிக்க நிறுவனத்தின் முதல் தயாரிப்பு முழு மெஷின் அல்ல. ஜாபைத் தானே திருப்பித் தரும் ஒரு கருவிதான்!

கோவை கணபதி, பீளமேடு பக்கப் பட்டறைகளில் பட்டனை அழுத்தத் தெரிந்த பையன்கள் நிறைய உண்டு. அவர்கள் ஆபரேட்டர்கள். செட்டிங் செய்யத் தெரிந்தவர்தான் செட்டர். சம்பளத்திலும் மரியாதையிலும் வித்தியாசம் அங்கேதான். ரோட்டரி செட்டிங்கில் சாரம் ஒன்றே ஒன்று: சுழலும் மையம் எங்கே இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சக்கில் ஒரு நேரான டெஸ்ட் பாரை மாட்டி, டயல் கேஜை வைத்து ஒரு சுற்றுச் சுற்றுங்கள். முள் 0.04 மி.மீ ஆடினால், பார் மையத்திலிருந்து 0.02 விலகியிருக்கிறது என்று அர்த்தம். அது சக்கின் கோளாறு. அதைச் சரிசெய்த பிறகு, டயலை பாரின் நீளத்துக்கு ஓட்டுங்கள், மேலேயும் பக்கவாட்டிலேயும். இப்போது முள் நகர்ந்தால் ரோட்டரியே கோணலாக உட்கார்ந்திருக்கிறது. புதிதாகக் கற்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு அரை நாளைத் தொலைப்பார்கள்.

அடுத்தது மையத்தின் உயரம். இதற்கு ஓர் அழகான சோதனை இருக்கிறது. அலுமினியத் துண்டு ஒன்றை மாட்டி, மையத்திலிருந்து 20 மி.மீ உயரத்தில் தட்டையாகச் சீவுங்கள். 180 டிகிரி திருப்பி, அதே உயரத்தில் மறுபடி சீவுங்கள். மைக்ரோமீட்டரில் சரியாக 40 வர வேண்டும். 40.06 வந்தால்? நீங்கள் சொன்ன மையம் 0.03 மேலே இருக்கிறது. ஆஃப்செட்டை அந்த அளவு இறக்குங்கள். திருப்பும்போது பிழை இரட்டிப்பாவதால் ஒளிந்துகொள்ள முடியாது. முன்-பின் மையத்துக்கும் இதே கதைதான்: இரண்டு பக்கமிருந்தும் துளை போட்டால், பிசகு நடுவில் படியாகத் தட்டுப்படும்.

ஓட்டுவதற்கு முன் டூலை நன்றாக மேலே தூக்கிவிட்டு, ரோட்டரியை ஒரு முழுச் சுற்று மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சக்கின் தாடை எதிலாவது இடிக்கிறதா, கேபிள் இழுபடுகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.

சோதனைத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். தேதியையும் வந்த அளவையும் மார்க்கரால் அதன் மேலேயே எழுதி, ரோட்டரிப் பெட்டியில் போட்டு வையுங்கள். அடுத்த முறை மாட்டுபவர் அதைத்தான் முதலில் தேடுவார்.