இருபது வயதின் எரிச்சல்கள்

இன்றைய இளைஞர்களுக்கு எதிலும் பிடிப்பு இல்லை என்பது பெரியவர்களின் நிரந்தரப் புகார். தில்லியிலோ புனேயிலோ ஒரு கல்லூரி கேன்டீனில் பாட்டு, சினிமா என்று பேச்செடுத்துப் பாருங்கள். ஆளுக்கொரு தீர்ப்புத் தயாராக இருக்கும்.

முதல் எரிச்சல், பழைய பாட்டுக்குப் புதுச் சட்டை மாட்டும் பாலிவுட் பழக்கம். 'டெல்லி-6' (2009) படத்தின் 'மசக்கலி' பாட்டு 2020இல் மறுவடிவம் பெற்றபோது, அசலைக் கேளுங்கள் என்று இசையமைப்பாளர் ஏ.ஆர். ரஹ்மானே சொல்ல வேண்டியதாயிற்று.

அடுத்தது, தியேட்டர் விளம்பரங்கள். 2023இல் படத்துக்கு முன் 25 நிமிடம் விளம்பரம் பார்க்க நேர்ந்த பெங்களூர்க்காரர் ஒருவர் வழக்கே போட்டார். 2025 பிப்ரவரியில் நுகர்வோர் மன்றம் நஷ்டஈடு தரச் சொன்னது. அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

பிறகு, ரயிலில் இயர்ஃபோன் இல்லாமல் அலறும் செல்போன். இரவு 10 மணிக்கு மேல் சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது என்று ரயில்வே 2022இல் அறிவித்தது. பக்கத்து பெர்த்காரர் அதைப் படித்தாரா என்பது வேறு விஷயம்.

மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான்: தங்கள் காதையும் நேரத்தையும் யாரும் கேட்காமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் பிடித்துவிட்டால் அவர்களே தேடி வருகிறார்கள். 'சனம் தேரி கசம்' 2016இல் தியேட்டரில் எடுபடவில்லை. 2018இல் வந்த 'தும்பாட்' பெரிதாக ஓடவில்லை. 2024இல் 'தும்பாட்', 2025இல் 'சனம் தேரி கசம்' மறுபடி திரையிடப்பட்டபோது இரண்டும் முதல் ஓட்டத்தைவிட அதிகம் வசூலித்தன. பிடிப்பு இல்லாதவர்கள் ஒன்பது வருடப் பழைய படத்துக்கு டிக்கெட் வாங்க மாட்டார்கள்.