சரிவுக்கேற்ற சப்பாத்து

இரத்தினபுரிப் பக்கமாகச் சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள் பலாபத்தலையைத் தாண்டியதும் சப்பாத்தின் அருமையை உணர்ந்துவிடுவார்கள். நல்லதண்ணிப் பாதையைவிட இந்தப் பாதை நீளம். காடும் ஈரமும் அதிகம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிறது. 2,243 மீற்றர் உயரச் சிகரம்வரை களிமண்ணும் பாசி பிடித்த கல்லும் மாறி மாறி வரும்.

களியில் உதவுவது சப்பாத்தின் அடியிலுள்ள முட்டுகள். அவை மண்ணுக்குள் இறங்கிப் பிடிக்கும். இடைவெளி அகலமாக இருந்தால்தான் ஒட்டிய களி உதிரும். ஈரக் கல்லில் அந்த முட்டுகளால் பெரிய பயனில்லை. அங்கே வேண்டியது இறப்பரின் குணம். இறப்பர் இரண்டு விதமாகப் பிடிக்கிறது. ஒன்று, பரப்போடு நேரே ஒட்டுவது. நடுவே நீர்ப்படலம் வந்தால் அது கெட்டுவிடும். மற்றது, கல்லின் நுண்ணிய மேடுகளில் அமுங்கி விரியும்போது ஆற்றலை வெப்பமாக இழப்பது. இந்த இழப்பு கூடினால் ஈரத்திலும் பிடிப்பு கூடும். இயற்கை இறப்பரோ அமுக்கியதும் துள்ளி மீள்வது, இழப்பு குறைவு. கிழியாமல் உழைப்பதில் அது சிறந்தது. ஆனால் ஈரப்பிடிப்புக்குச் செயற்கை இறப்பர் கலந்த மென்மையான அடியே மேல். இறப்பர்ப் பால் வெட்டும் மண்ணிலிருந்து இதைச் சொல்ல மனம் வராது. ஆனாலும் உண்மை அதுதான்.

மலைச் சப்பாத்துக்கு முட்டுவைத்த இறப்பர் அடியைப் பரவலாக்கியவர் இத்தாலியரான விற்றாலே பிரமானி. 1935இல் அல்ப்ஸ் மலையில் தோழர்கள் அறுவரைப் பறிகொடுத்த துயரம் அவரை அந்த வேலைக்குத் தள்ளியது. 1937இல் அடி தயாரானது.

பிடிப்பு பாதி, பொருத்தம் பாதி. நோர்வேயின் தெலமார்க் பகுதியில் பிறந்த பனிச்சறுக்கு முறையில் சப்பாத்தின் முனையை மட்டும் பலகையில் பூட்டுவார்கள், குதி மேலெழும். அதனால் அதே பலகையோடு மலை ஏறவும் முடிகிறது. ஆனால் சப்பாத்துக்குள் குதிகால் அசையக்கூடாது, அசைந்தால் கொப்புளம்தான். நமக்கும் அதே விதி. பாதம் வீங்கியிருக்கும் மாலை வேளையில், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். விரல்களுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும். ஏறும்போது கணுக்காலில் கயிற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். இறங்குமுன் நின்று இறுக்கிக் கட்டுங்கள். இல்லையேல் பாதம் முன்னே சரிந்து நகம் கறுத்துவிடும். நீர் புகாத சப்பாத்தைவிட, புகுந்த நீர் விரைவில் வடியும் சப்பாத்தே இந்த மழைக்கு உகந்தது. அட்டைக் கடியைத் தடுக்க, நெருக்கமாக நெய்த, முழங்கால்வரை நீளும் காலுறை போதும்.

யாத்திரிகர் ஆண்டுக்கு ஒருமுறை ஏறுகிறார். கேகாலை, இரத்தினபுரி இறப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர்களுக்கு அன்றாடம் இதே சரிவுதான், பலருக்குச் சாதாரணச் செருப்போடு. ஆபத்து வழுக்கல் மட்டுமல்ல; எலிக்காய்ச்சல் கூடுதலாகப் பதிவாகும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீர் கலந்த ஈரமண்ணிலிருந்து அந்தக் கிருமி காலின் சிராய்ப்பு வழியாகவும் நீரில் ஊறிய தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். வயலிலும் மாணிக்கக் குழியிலும் இறங்குவோருக்கும் இதே ஆபத்து. கணுக்காலை மூடும், வழுக்காத சப்பாத்தை ஆண்டுதோறும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரவர் கால் அளவில் தோட்டக் கம்பெனிகள் வழங்க வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.