நாட்டிய உடை: தறியும் தையலும்

நமது சங்கங்களுக்குத் தணிக்கையின் பொருட்டுச் செல்லும்போது, பட்டுப் புடவையை நாட்டிய உடைக்காக வாங்கிச் செல்லும் தையற்காரரைப் பற்றி நெசவாளர்கள் குறைகூறக் கேட்கிறோம். அரும்பாடுபட்டு நெய்த புடவையைக் கத்தரிக்கு இரையாக்கிவிடுகிறார்களே என்பது அவர்கள் வருத்தம். தையற்காரரோ, கரையும் முந்தானையும் தமக்கு வேண்டிய இடத்தில் அமைவதில்லை என்கிறார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒருவர் தொழிலை மற்றவர் அறிந்துகொள்ளாததே இதற்குக் காரணமென்று நாம் கருதுகிறோம்.

தைத்து அணியும் நாட்டிய உடை மிகப் பழமையானதன்று. முன்னாளில் ஆடல் மகளிர் கால்சட்டையின்மேல் புடவையைக் கொசுவி உடுத்தே ஆடினர். ஸ்ரீமதி பாலசரஸ்வதி அம்முறையையே போற்றி வந்தார். 1935-ல் மேடையேறிய ஸ்ரீமதி ருக்மிணி தேவியும் அவரைச் சார்ந்தோரும் தைத்த உடையைப் பரவச் செய்தனர். அவர் 1936-ல் அடையாற்றில் நிறுவிய கலாக்ஷேத்திரத்தில் அடுத்த ஆண்டே நெசவுப் பகுதியும் தொடங்கப்பட்டது. மேடைக்கு ஏற்ற துணி கடையில் கிடைக்கும் என்று காத்திராமல் தறியிலேயே தொடங்கினார்கள் என்பது அங்கத்தினர்கள் கவனிக்கத்தக்க விஷயமாகும்.

இனி, இவ்வுடையைத் தைக்கக் கற்க விரும்பும் நெசவாளர் குடும்பத்தினர் அறிய வேண்டியவற்றைக் கூறுவோம். கால்சட்டை, முன்புற விசிறி, இடுப்புத் துணி, மேலாக்கு, ரவிக்கை என்பவை இதன் பகுதிகள். பெரும்பாலும் ஒரு புடவையிலிருந்தே யாவும் எடுக்கப்படுகின்றன. முதல் உடையைப் பட்டில் வெட்டுவது பேதைமை. காடாத் துணியில் வெட்டித் தைத்து, ஆடுபவருக்கு அணிவித்து, ஆடச் சொல்லிப் பார்க்க வேண்டும். நின்ற நிலையில் எடுத்த அளவு மாத்திரம் போதாது. அரைமண்டியில் முழங்கால்கள் இருபுறமும் விரியும்போது தொடையும் இருக்கையும் எவ்வளவு துணி கேட்கின்றனவோ, அதுவே உண்மையான அளவு. இரு கால்களும் சேருமிடத்தில் ஒரு சதுரத் துண்டை மூலைவாக்கில் இணைத்துத் தைத்தால் முழுமண்டியிலும் தையல் தெறிக்காது. சலங்கை கட்டும் இடத்திற்கு மேலேயே கால்சட்டை முடிந்துவிட வேண்டும். இல்லையேல் மணியில் சிக்கும்.

விசிறியே இவ்வுடையின் உயிர். ஓர் அங்குல மடிப்புகளாக முழுதும் மடித்தால், முடிந்த அகலத்தைப்போல் மூன்று பங்கு துணி தேவை. 46 அங்குல அகலமுள்ள முந்தானையை முழுதுமாக மடித்தால் ஏறத்தாழ 15 அங்குலமே மிஞ்சும். அதில் ஓரத் தையலுக்கும் சிறிது கழிக்க வேண்டும். முந்தானையின் ஜரிகைக் கட்டங்கள் விசிறி விரியும்போது வில்போல் வளைந்து தோன்றும். மடிப்புகள் கலையாதிருக்க உட்புறம் நூலால் ஆங்காங்கே பிடித்துத் தைக்கிறார்கள். அந்நூல் இறுகினால் விசிறி விரியாது, தளர்ந்தால் தொங்கும். இது கையால் பழகி வர வேண்டியதேயன்றி எழுத்தால் கற்பிக்க இயலாதது.

நெசவாளர் செய்ய வேண்டியதும் உண்டு. ஊடையை நெருக்கி அடிக்காத பட்டு, இழுபடும் தையலோரத்தில் இழை நழுவிப் பல்லைக் காட்டும். கோர்வைக் கரையில் பிணைப்பை ஒட்டிக் கத்தரி போட்டால் கரை தனியே பிரிந்துவிடும் என்பதைத் தையற்காரருக்கு நெசவாளரே சொல்ல வேண்டும். நுண்ணிய புட்டாக்கள் பத்தாவது வரிசைக்கு அப்பால் தெரியப்போவதில்லை. அகன்ற கரையும், உடலுக்கு மாறான கரை நிறமுமே தூரத்திலிருந்து பொலியும். மஞ்சள் ஒளியில் நீலம் மங்கிக் கருத்துத் தோன்றுமாதலால், நீலம் கேட்பவரிடம் இதை முன்கூட்டியே எடுத்துரைப்பது நலம்.

முந்தானையை இரு முனைகளிலும் நெய்தால் ஒன்று விசிறிக்கும் மற்றொன்று மேலாக்குக்கும் ஆகுமே என்பது நமது யோசனை. ஆனால் ஜரிகைச் செலவு கூடும். அத்தகைய புடவையை மற்றவர் வாங்குவதும் அரிது. எனவே ஆர்டரும் முன்பணமும் கைக்கு வந்த பின்னரே தறியில் ஏற்ற வேண்டும்.

மற்றொன்று, கையிருப்புச் சரக்கைப் பற்றியது. நடுவில் ஓரிடத்தில் இழைப்பிழை நேர்ந்து, விலைபோகாமல் அலமாரியில் உறங்கும் புடவைகள் பல சங்கங்களில் உள்ளன. நாட்டிய உடைக்கு எப்படியும் வெட்டப்படுவதால், பிழையுள்ள இடத்தை ஒதுக்கியோ மடிப்புக்குள் மறைத்தோ பயன்படுத்தலாம். பிழையைக் காட்டி, விலையைக் குறைத்து, பில்லிலும் அதைக் குறித்துக் கொடுக்க வேண்டும். சொல்லாமல் விற்றுப் பின்னர் அகப்பட்டுக்கொண்டால் நல்ல சரக்கையும் எவரும் நம்பமாட்டார்.

பருத்தி பயிரிடும் அங்கத்தினர்களுக்கும் இதில் தொடர்பு உண்டு. வியர்வை பட்டால் வெள்ளி ஜரிகை கறுக்கும். ஆகையால் உள்ளே பருத்தித் துணி கொடுத்துத் தைப்பது அவசியம். அத்துணியை ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பிறகே வெட்ட வேண்டும். தைத்த பின் சுருங்கினால் மேலுள்ள பட்டு சுருக்கம் விழுந்து உடையே கெடும். வளரும் சிறுமிகளின் உடையில் பக்கத் தையல்களுக்குள் இரண்டு அங்குலம் விட்டுவைத்தால் சில ஆண்டுகள் பிரித்துவிட்டு அணியலாம். பெற்றோர் இதையே முதலில் கேட்பார்கள்.

ஆட்டம் முடிந்ததும் உடையை மடித்துப் பெட்டியில் வைக்கலாகாது. உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் காற்றாட உலர்த்திய பின், விசிறியை மடிப்புக் கலையாமல் நாடாவால் கட்டிவைக்க வேண்டும். இக்குறிப்பை ஒரு சிறு சீட்டில் எழுதி ஒவ்வோர் உடையுடனும் சங்கமே கொடுத்தனுப்பலாம்.