சாமையும் உரலும்: கொல்லிமலையின் சிறு விவசாயம்

கொல்லிமலையில் ஒரு குடும்பத்தின் நிலம் பெரும்பாலும் ஓரிரு ஏக்கர்தான். அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. ஓடையை ஒட்டிய பள்ளத்தில் படிப்படியாக அமைந்த நெல் வயல் கொஞ்சம், அதற்கு மேலே சரிவில் மானாவாரி மேட்டாங்காடு கொஞ்சம், வீட்டைச் சுற்றிப் பலாவும் வாழையும் மிளகுக் கொடியும் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். பள்ளத்து நெல்லும் மேட்டுச் சாமையும் வீட்டு உலைக்கு. மிளகும் பலாவும் சந்தைக்கு. இந்தக் கணக்கில்தான் மலைக் குடும்பம் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்திருக்கிறது.

நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாக, ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர் பரப்பில் விரிந்திருக்கிறது கொல்லிமலை. உயரம் 1,000 முதல் 1,300 மீட்டர். அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சோளக்காடும், அதையடுத்துச் செம்மேடும் வரும். இங்கே வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டியதில்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழ்பவர்கள் என்பதே பொருள். அவர்கள் பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களிடையே ஒரு மரபுக் கதை உண்டு. ஊர்கள் இன்றும் வளப்பூர் நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு என்று ‘நாடு’களாகவே பிரிந்திருக்கின்றன.

பட்டமும் விதையும்

சித்திரை, வைகாசியில் கோடை மழை விழுந்ததும் மேட்டாங்காட்டில் ஏர் இறங்குகிறது. சரிவு அதிகமான இடங்களில் டிராக்டர் ஏறாது; மாட்டு ஏரும் மண்வெட்டியும்தான். ஆடிக்குள் சாமை, தினை விதைப்பு முடிந்துவிடும். கேழ்வரகைச் சிலர் நேரடியாக விதைப்பார்கள், சிலர் நாற்றுவிட்டு நடுவார்கள். இடையிடையே துவரை, அவரை, கடுகு. ஒன்று பொய்த்தாலும் இன்னொன்று கைகொடுக்கும் என்பதே இந்தக் கலப்புப் பயிரின் நோக்கம்.

சாமை என்று பொதுவாகச் சொன்னாலும் மலையில் அது ஒரே சாமை அல்ல. கட்டவெட்டிச் சாமை, சடஞ்சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று பல ரகங்கள் உண்டு. தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை என வகைகள். சில ரகங்கள் மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்து, பஞ்ச மாதங்களில் முதல் சோறு போடும். பெருஞ்சாமை கூடுதல் நாள் நின்று கூடுதலாக விளையும். மழை முந்தினால் ஒன்று, பிந்தினால் வேறொன்று என விதையைத் தேர்ந்துகொள்ள இந்த வகைகள் இடம் தருகின்றன.

விதை எடுப்பது பெண்களின் வேலை. அறுவடைக்கு முன்பே காட்டுக்குள் நடந்து, நன்கு முற்றிய, பூச்சி விழாத கதிர்களைத் தனியே கொய்கிறார்கள். வெயிலில் காய வைத்து, சாம்பலோ வேப்பிலையோ நொச்சியிலையோ சேர்த்துக் கலயத்தில் இட்டு மூடுகிறார்கள். தினைக் கதிரைக் கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவதும் உண்டு. புகை படிந்த கதிரில் வண்டு ஏறாது. உணவுத் தானியம் தொம்பைக்குப் போகும். மூங்கிலால் பின்னி, மண்ணும் சாணமும் குழைத்துப் பூசிய அந்தத் தொம்பைக்குள் சாமை ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

மரவள்ளி வந்த வழி

மலைக்குச் சாலை வந்து லாரி ஏறத் தொடங்கிய பிறகு மேட்டாங்காட்டின் முகம் மாறியது. சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. மரவள்ளி அதிகக் கவனிப்பு கேட்காத பயிர். குச்சியை ஊன்றிக் களையெடுத்து விட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. தோண்டியவுடன் வியாபாரி எடையிட்டுப் பணம் தருகிறார். பிள்ளைகளின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் மருத்துவத்துக்கும் ரொக்கம் வேண்டிய குடும்பங்கள் சாமைக் காட்டை மரவள்ளிக் காடாக்கின. காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரங்களும் பரவின.

இன்னொரு பக்கம் ரேஷன் அரிசி வந்தது. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைதாரர்களுக்கு அது விலையில்லாமலே கிடைக்கிறது. ஒரு காலத்தில் பண்டிகைச் சோறாக இருந்த நெல் அரிசி அன்றாடச் சோறானது. பசி குறைந்தது பெரிய நன்மை. ஆனால் சாமையை விளைவிக்க வேண்டிய கட்டாயமும் அதோடு போயிற்று. மரவள்ளியோ மண்ணின் சத்தை உறிஞ்சும் பயிர். கிழங்கு தோண்டும்போது சரிவு மண் முழுவதும் கிளறப்படுவதால் அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போகிறது. கிழங்கு விலை சரியும் ஆண்டில் கையில் பணமும் இருக்காது, தொம்பையில் தானியமும் இருக்காது.

உரலின் பளு

சாமை பின்வாங்கியதற்கு ரொக்கத் தேவையைப் போலவே வலுவான இன்னொரு காரணம் வீட்டு வாசலில் இருந்தது. சாமை மணி மிகச் சிறியது. கடினமான, வழுவழுப்பான உமி அதை இறுக்கமாக மூடியிருக்கும். காயவைத்த சாமையை உரலில் இட்டு, இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று உலக்கையை மாற்றி மாற்றிப் போடுவார்கள். கொஞ்ச நேரம் குற்றியதும் முறத்தில் புடைப்பார்கள். உமி பறக்கும், பாதி மணி தோலோடு நிற்கும். மீண்டும் உரல், மீண்டும் முறம். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால்தான் உலைக்கு ஏற்ற அரிசி தேறும். காட்டு வேலையும் தண்ணீரும் விறகும் முடித்த பிறகு தோளில் ஏறும் பளு இது.

கேழ்வரகுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடித்துப் புடைத்தால் நேராக மாவரைக்கப் போகலாம். நெல்லுக்கு அரிசி ஆலை உண்டு. ஆனால் அந்த ஆலை சாமையின் சின்ன மணிக்குப் பொருந்தாது. ஆகவே ரேஷன் அரிசி வந்ததும் உலக்கையை முதலில் கீழே வைத்தவர்கள் பெண்களே. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சென்னையிலுள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் வேலை செய்து வருகிறது. மறைந்துகொண்டிருந்த ரகங்களைத் திரட்டி ஊர்களில் விதை வங்கிகள் அமைய அது துணை நின்றது. விதை வாங்குபவர் அறுவடைக்குப் பின் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும் என்பதே அந்த வங்கியின் வட்டி. பிறகு உமி நீக்கும் சிறு எந்திரங்கள் ஊர்களுக்கு வந்தன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை ஏற்று நடத்தின. நாள் முழுக்கக் குற்ற வேண்டியதை எந்திரம் சிறிது நேரத்தில் முடித்தது. சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மாவு என்று பொட்டலமிட்டு விற்கவும் குழுக்கள் கற்றுக்கொண்டன. இந்திய அரசு 2018ஐ தேசிய சிறுதானிய ஆண்டாகவும், ஐக்கிய நாடுகள் அவை 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டாகவும் அறிவித்தபோது, நகரக் கடைகளில் சிறுதானியத்துக்கு மவுசு கூடியது.

மரவள்ளி இன்னும் மலையை விட்டுப் போகவில்லை; ரொக்கம் தேவைப்படும் வரை போகவும் போகாது. சாமை அதன் பக்கத்தில் இடம் பிடிக்க இரண்டு வசதிகள் போதும்: நடந்து போகும் தூரத்தில் உமி நீக்கும் எந்திரம், விளைந்ததை நியாய விலைக்கு வாங்க ஆள். முதலாவதை அரசும் நிறுவனங்களும் ஊர்க் குழுக்களும் தர முடியும். இரண்டாவது வாசகர்களின் கையில் இருக்கிறது. ஆகாயகங்கை அருவியும் அறப்பளீஸ்வரர் கோயிலும் பார்க்கப் போகிறவர்கள் சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் பலாவும் வாங்காமல் திரும்புவதில்லை. அந்தப் பையில் ஒரு கிலோ மலைச் சாமைக்கும் இடம் ஒதுக்கலாம்.