வீட்டோடு புறப்படுகிறார்கள், மகளைப் பார்க்க!

மகள் ஓர் ஊரில். மகன் வேறோர் ஊரில். நடுவே ஆயிரம் மைல்! அமெரிக்காவில் பல குடும்பங்களின் கதை இதுதான். பேரன் பேத்தியைப் பார்க்க ஆசை வந்தால் தாத்தாவும் பாட்டியும் என்ன செய்வார்கள்? ரெயில் உண்டு, விமானம் உண்டு. ஆனால் பலர் வீட்டையே கிளப்பிக்கொண்டு போய்விடுகிறார்கள்!

"ஆர்.வி." என்று அந்த வண்டிக்குப் பெயர். வெளியே பார்த்தால் பஸ் மாதிரி இருக்கும். உள்ளே கட்டில், காஸ் அடுப்பு, குளிர்பெட்டி, குளியல் அறை, கக்கூஸ் எல்லாம் உண்டு. காருக்குப் பின்னால் வீட்டை மாட்டி இழுத்துப் போகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல தண்ணீருக்கு ஒரு தொட்டி. பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒரு தொட்டி. கக்கூஸ் கழிவுக்கு இன்னொன்று. கடைசித் தொட்டியைக் காலி செய்வது யார்? பெரும்பாலும் தாத்தாதான்!

செலவு குறைவு என்று எண்ணவேண்டாம். பெரிய வண்டி, 3.8 லிட்டர் எண்ணெய் குடித்தால் 10 மைல்கூட ஓடாது.

ஆனால் ஒரு சௌகரியம் உண்டு. மகள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திக்கொள்ளலாம். பகல் முழுவதும் பேரனோடு விளையாட்டு. இரவு தூங்கத் தன் கட்டில். "எத்தனை நாள் தங்குவார்களோ" என்று மருமகன் விரல் மடக்க வேண்டியதில்லை. சமையல் அறையில் யாரும் முகம் சுளிக்க வேண்டியதில்லை. நம் ஊருக்கும் இப்படி ஒரு வண்டி வந்தால் தேவலை!

மாட்டு வண்டிப் பாதை

இப்படிப் போகிறவர்கள் வழியில் பழைய இடங்களையும் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பேர்போனது, நெப்ராஸ்கா, வயோமிங் மாநிலங்களில் ஓடும் 26-ம் எண் சாலை. வடக்கு பிளாட் ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலை அது.

1840-க்குப் பிறகு ஏறக்குறைய 30 ஆண்டுகள், லட்சக்கணக்கான மக்கள் அந்த ஆற்றங்கரையோடு மேற்கே போனார்கள். சிலர் நிலம் தேடி. சிலர் தங்கம் தேடி. சிலர் தங்கள் மதத்தை நிம்மதியாகக் கடைப்பிடிக்க. ஆரிகன் நாட்டுக்கு 2,000 மைல். நாளுக்கு 15 மைல் போனால் அதிகம். ஐந்து மாதப் பயணம்!

வண்டியின் நீளம் சுமார் 10 அடி. அகலம் 4 அடி. அதில் மாவு, பன்றி இறைச்சி, ஏர், பாத்திரம், துணிமணி. மனிதர்களுக்கு இடம் ஏது? நடந்தார்கள். குழந்தைகளும் நடந்தார்கள்.

தாயிடம் விடைபெற்றுக் கிளம்பிய பெண்களில் பலர் மறுபடி தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கடிதம் போய்ச் சேரவே மாதக் கணக்கில் ஆகும்.

இரும்புப் பட்டையில் ஒரு பெயர்

ஸ்காட்ஸ்பிளஃப் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு சமாதி இருக்கிறது. ரெபேக்கா வின்டர்ஸ் என்ற அம்மாளின் சமாதி.

1852-ம் ஆண்டு கணவரோடும் பிள்ளைகளோடும் யூட்டாவுக்குப் புறப்பட்டவர் அவர். அந்த வருஷம் பாதை நெடுகக் காலரா. ஆகஸ்டு மாதம் அந்த நோய் அவரையும் கொண்டுபோயிற்று. அங்கேயே குழி வெட்டி அடக்கம் செய்தார்கள்.

அந்நாளில் வழியில் இறந்தவர்களுக்கு மரப்பலகைதான் நடுவார்கள். ஓரிரு மழையில் எழுத்து போய்விடும். கூட வந்த நண்பர் ஒருவருக்கு அதில் மனம் ஒப்பவில்லை. வண்டிச் சக்கரத்தின் இரும்புப் பட்டையை எடுத்தார். உளியால் அந்த அம்மாளின் பெயரையும் "வயது 50" என்பதையும் வெட்டினார். பட்டையை வளைத்துச் சமாதியில் நட்டார். மறுநாள் வண்டிகள் கிளம்பிவிட்டன. குடும்பம் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போயிருக்கும். வேறு என்ன செய்ய முடியும்?

ஏறக்குறைய 47 வருஷம் ஆயிற்று. 1899-ல் ரெயில் பாதை போட அளவெடுத்தவர்கள் கண்ணில் அந்தப் பட்டை பட்டது. பெயர் அப்படியே இருந்தது! அவர்கள் சமாதியைத் தோண்டவில்லை. தண்டவாளத்தைத்தான் சற்று விலக்கிப் போட்டார்கள். செய்தி அறிந்து அம்மாளின் சந்ததியார் வந்து கல் நாட்டினார்கள்.

தண்டவாளத்தின் ஓரத்தில் மக்கள் கூடுவது ஆபத்து என்று 1995-ல் சமாதியைக் கொஞ்ச தூரம் தள்ளி மாற்றினார்கள். இரும்புப் பட்டையும் கூடவே போயிற்று.

மலைமேல் ஏறாது!

பக்கத்திலேயே ஸ்காட்ஸ் பிளஃப் என்ற குன்று. உயரம் 800 அடி. உச்சி வரை கான்கிரீட் சாலை இருக்கிறது. ஆனால் நடுவே சுரங்க வழிகள். 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கு அனுமதி கிடையாது. வீட்டைக் கீழே நிறுத்திவிட்டுத்தான் போகவேண்டும்!

அங்கிருந்து வயோமிங்கில் உள்ள கெர்ன்சி ஊருக்கு அன்று மாடுகள் நாலைந்து நாள் நடந்தன. இன்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அங்கே பாறையில் வண்டித் தடம் பதிந்திருக்கிறது. சில இடங்களில் ஆழம் 5 அடி! சிறு பிள்ளை இறங்கி நின்றால் தலைகூட வெளியே தெரியாது.

அருகே ஒரு செங்குத்துப் பாறை உண்டு. இரவு தங்கிய வழிப்போக்கர்கள் தங்கள் பெயரையும் வருஷத்தையும் அதில் செதுக்கிவிட்டுப் போனார்கள். தாத்தாவுக்குத் தாத்தா பெயர் அதில் இருக்கிறதா என்று இன்றும் சிலர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடுகிறார்கள்.