ஒரு வாட்டே அதிகம்

கள்ளக்குறிச்சி நகரில் ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட தெருக்களில் பகலில் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. லாரி, பஸ் இரைச்சலில் கிட்டார் சத்தமும் கலந்துவிடும். ராத்திரியில் அப்படியில்லை. கல்வராயன் மலையில், வெள்ளிமலை போன்ற ஊர்களில் வேறு இரைச்சல் குறைவு என்பதால் அதே சத்தம் இன்னும் துலக்கமாகக் கேட்கும். ஆக, எங்கே குடியிருந்தாலும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்து எலக்ட்ரிக் கிட்டார் பழகுபவருக்குச் சிக்கல் ஒன்றுதான். வால்யூம் குமிழை இரண்டில் வைத்தால் சுரத்தில்லாத ஓசை. ஆறில் வைத்தால் தெருவே வாசலில் நிற்கும்.

வால்வு நமக்குப் புதிதல்ல. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960களில் ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. பழைய ரேடியோப் பெட்டிகளில் ஸ்பீக்கரை இயக்கிய இஎல்84 வால்வுதான் இங்கிலாந்தின் புகழ்பெற்ற வாக்ஸ் ஏசி30 கிட்டார் ஆம்ப்ளிஃபயரிலும் இருக்கிறது, ஒன்றல்ல, நான்கு. வால்வை அதன் எல்லை வரை முடுக்கினால் ஒலி அலையின் முகடுகள் மழுங்கி, புதிய உபசுரங்கள் பிறக்கின்றன. கிட்டார்காரர்கள் உயிரை விடுவது இந்தக் கரகரப்புக்குத்தான். முழு விசையில் ஓடும்போதுதான் அது முழுதாக வரும்.

‘நூறு வாட்டுக்குப் பதில் சின்னதாக ஐந்து வாட் வாங்கினால் தீர்ந்தது’ என்று பலர் நினைக்கிறார்கள். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. சாதாரண 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 97 டெசிபல் சத்தம் வரும். வாட் பத்து மடங்கானால் கூடுவது 10 டெசிபல். காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம். அதாவது நூறு வாட்டில் 117, ஐந்து வாட்டில் 104. வீட்டு அறையில் 77 டெசிபல் தாராளம். அதற்குத் தேவை ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்குதான்!

சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45. தனியார் இடத்தின் எல்லையில் இதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது.

சத்தத்தைக் குறைக்க, ஆம்ப்ளிஃபயரில் மாஸ்டர் வால்யூம் குமிழ் இருந்தால் முதலில் அதைப் பயன்படுத்தலாம். மார்ஷல் நிறுவனம் 1975இல் தன் 2203 மாடலில் இதைக் கொண்டுவந்தது. முன்கட்ட வால்வுகளை முடுக்கிவிட்டு, கடைசிக் கட்டத்துக்குப் போகும் சிக்னலைக் குறைப்பதுதான் வேலை. கரகரப்பு கிடைக்கும், ஆனால் பின்கட்ட வால்வுகளின் திமிறல் கிடைக்காது.

அதுவும் வேண்டுமென்றால் அட்டென்யுவேட்டர். ஆம்ப்ளிஃபயருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து, பெரும்பகுதி விசையைச் சூடாக மாற்றிவிடும் பெட்டி அது. பாஸ்டன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டாம் ஷோல்ஸ் எம்.ஐ.டி.யில் படித்த பொறியாளர்; 1980களின் தொடக்கத்தில் அவர் விற்ற ‘பவர் சோக்’ இந்த வகைப் பெட்டிகளைப் பிரபலமாக்கியது. ஆம்ப்ளிஃபயரின் வாட்டைத் தாங்கும் பெட்டியாகப் பார்த்து வாங்க வேண்டும். எட்டு ஓம்ஸ் அவுட்புட் என்றால் பெட்டியும் எட்டு ஓம்ஸாக இருக்க வேண்டும். நடுவில் கிட்டார் ஒயரைச் செருகக் கூடாது, ஸ்பீக்கர் ஒயர்தான் போட வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஓசை மெலிந்து கேட்டால் பெட்டியை மட்டும் குறை சொல்ல முடியாது. சத்தம் குறையும்போது நம் காதே அடிக்கட்டை ஒலிகளைத் தவறவிடுகிறது. பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் இதை அளந்து காட்டினார்கள். பேஸ் குமிழைக் கொஞ்சம் ஏற்றினால் பாதிக் குறை தீரும்.

சத்தம் வேண்டாம் என்று ஸ்பீக்கர் ஒயரை மட்டும் பிடுங்கிவிட்டு வாசிப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. போக இடமில்லாத விசை அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மிகை வோல்டேஜாக எழும்பி அதையே எரித்துவிடும். மூடியைக் கழற்றிப் பார்ப்பதும் ஆபத்து: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டர்களில் சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம், அது ஆளைக் கொல்லும்.

இரவு பத்துக்கு மேல்தான் நேரம் கிடைக்கிறது என்பவர்கள் லோட் பாக்ஸ் பக்கம் போகலாம். ஸ்பீக்கர் இருக்க வேண்டிய இடத்தில் அது சுமையாக இருந்து முழு விசையையும் வாங்கிக்கொள்கிறது. ஸ்பீக்கர் பெட்டியின் ஒலித்தன்மையை டிஜிட்டலாகச் சேர்த்து ஹெட்ஃபோனுக்குத் தரும் மாடல்களும் உண்டு. வால்வு முழு மூச்சில் ஓடும். பக்கத்து வீட்டில் கேட்காது. விலைதான் கொஞ்சம் கையைக் கடிக்கும்.